எனக்கும் சாமா

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காட்டுக்குள் போக வேண்டாம், டிக்கெட் எடுத்து மிருகக்காட்சி சாலைக்கும் போக வேண்டாம். ஈப்போவில் ஏதாவது ஒரு சாலையோர ஒட்டுக்கடையில், காலை நேரத்தில், நாலைந்து பேர் கூடியிருக்கும் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள், போதும். ஆர்டர் எடுக்க ஆள் வருவான். ஒருவர் தே தாரிக் என்பார், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர்; இன்னொருவர் தே தாரிக்தான், ஆனால் சீனி குறைச்சு என்பார், வேறொருவர் கோப்பி என்பார். நம்ம ஆள் மட்டும், தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியை ஏதோ அன்றுதான் கண்டுபிடித்தாற்போலப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாரும் சொல்லி முடித்ததும், மேசையில் எது அதிகம் என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் சாமா" என்பார்.

சாமா என்றால் 'அதே'. மலாயிலிருந்து வந்து நம்மோடு தங்கிவிட்ட சொல். அவருக்கு உண்மையில் பிடித்தது, பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும் சூடான மைலோ. ஆனால் மீசை நரைத்த ஆம்பளை நாலு பேர் நடுவில் உட்கார்ந்து மைலோ கேட்பதாவது? எனவே சாமா.

இவர் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்க மாட்டார், கடைசியிலும் நிற்க மாட்டார், நடுவில், முன்னால் போகிறவர் தட்டில் எத்தனை கோழித்துண்டு விழுகிறது என்று பார்த்துத் தானும் அத்தனையே எடுத்துக்கொண்டு, அவர் பாயாசத்தைத் தொடாமல் விட்டால் தானும் தொடாமல் விட்டு, மேடையில் யாரோ பேசும்போது கைதட்டல் கேட்டால் பேசியது என்ன என்று கேட்காமலே தட்டி, தட்டல் அடங்கும்போது சரியாக அடங்கி, மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எழுந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்து, "கல்யாணம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னாங்க" என்பார். இவர் எப்படி இருந்தது என்று நினைத்தார்? அதை யார் கேட்டது?

இவர்கள் அதிகம் வாழும் இடம் தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், வாட்ஸ்அப் குழு. ஒரு முறை, கோயில் தலைவர் ஐயாவு என்பவருக்கு யாரோ மாலை போட்ட படத்தைக் குழுவில் போட்டார்கள். பாராட்டு விழாப் படம். படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படிக்காத ஒருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அவ்வளவுதான், தாமானே துக்கத்தில் மூழ்கியது. கைகூப்புகள் வந்து குவிந்தன. 'நல்ல மனுஷன்' என்றார் ஒருவர். அரை மணி நேரம் கழித்து ஐயாவு தாமே கைப்பேசியைத் திறந்தார். எல்லாரும் கைகூப்பியிருப்பதைப் பார்த்தார். தானும் ஒரு கைகூப்பு போட்டார். யார் செத்தது என்று பிறகுதான் மேலே தள்ளிப் பார்த்தார்.

நம் கதாநாயகர் தர்மா அந்தக் குழுவில் நல்ல உறுப்பினர். இரங்கலில் முந்திக்கொள்ள மாட்டார். முன்னால் நாலைந்து கைகூப்புகள் விழுந்த பிறகுதான் அவருடையது விழும்.

தர்மாவின் தொழிலைக் கேட்டால் சிரிப்பீர்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கூரையில் பலகை மாட்டிய 'கஞ்சில்' என்ற பழைய குட்டிக் காரில் ஈப்போவின் பாதிப் பெண்களுக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தவர். சுற்றுச்சந்தியில் குழம்பி நிற்கும் மாணவிகளுக்கு அவர் சொல்லும் மந்திரம் ஒன்றே: "முன்னால போறவன் எப்படிப் போறானோ அப்படியே போங்க." ஒருத்தி அதை அப்படியே கேட்டு, முன்னால் போன காரைத் தொடர்ந்து போய், அந்தக் கார்க்காரர் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து நின்றாள். தர்மா இறங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மந்திரத்தை மட்டும் மாற்றவில்லை.

மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் தினேஸ்வரி கல்லூரியில் உளவியல் முதலாம் ஆண்டு. படித்த புதிது, வீட்டிலேயே ஒரு பாடப்புத்தகம் மீசையோடு நடமாடுகிறது, விடுவாளா?

"அப்பா, கிளாஸ்ல ஒரு பழைய படம் காட்டுனாங்க. லிஃப்டுல எல்லாரும் கதவுக்கு முதுகக் காட்டி நிக்கிறாங்க. புதுசா ஏறுன ஆளு கொஞ்சம் கொஞ்சமா அவங்க பக்கமே திரும்பிட்டாரு. ஏன்னு சொல்லுங்க."

"இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? அந்தப் பக்கமும் ஒரு கதவு இருக்கும்."

"இல்லப்பா. ஒண்ணும் இல்ல."

"எல்லாரும் திரும்பி நிக்கிறாங்கன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும் லா" என்றார் தர்மா.

தினேஸ்வரி அதைத் தன் கட்டுரையில் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் காதல் வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். வந்தது.

லகாட்டில் காலைச் சந்தையில் இடியாப்பக் கடை வைத்திருப்பவள் சரளா. ஐம்பதை எட்டும் வயது, கணவன் இல்லை, பிள்ளையும் இல்லை. வேன் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால் தானே ஓட்டுவது என்று முடிவெடுத்துத் தர்மாவிடம் வந்தாள். முதல் நாளே, பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்துப் பார்த்துத் தர்மா பதறினார்.

"பின்னால பஸ்காரன் நிக்கிறான், ஏதாச்சும் நினைச்சுக்கப் போறான்."

"நான் கிளட்ச்ச விடுறதுக்கு அவன் என்ன நினைப்பான்னு நான் எதுக்கு மாஸ்டர் நினைக்கணும்? அவனுக்கும் பிரேக் இருக்குல்ல."

இப்படி ஒரு சிந்தனை இருக்கிறது என்பதே தர்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் பெண்கள் எல்லாரும் தர்மாவை அண்ணே என்பார்கள். இவள் ஒருத்தி மட்டும் மாஸ்டர் என்றாள். ஒரு தடவைகூட வாய் தவறி அண்ணே என்று வரவில்லை. புரிகிறவர்களுக்குப் புரியும். தர்மாவுக்கும் கொஞ்ச நாளில் புரிந்தது.

சரளா லைசன்ஸ் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகும், "எப்படி ஓட்டுறேன்னு வந்து பாருங்க மாஸ்டர்" என்று வாரத்துக்கொரு முறை கூப்பிட்டாள். தர்மா கஞ்சிலைச் சந்தை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவள் வேனில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டு போய் வந்தார். வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்பதல்ல அவர் குறை; அவருக்கே நன்றாகச் சமைக்க வரும். ஒன்று சொன்னால் எதிர்ப்பேச்சு வருகிற ஒரு குரல் அவருக்கு வேண்டியிருந்தது. சரளாவை அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் அதை வெளியே சொல்வதற்கு, முன்னால் யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

கடைசியில் அவள்தான் கேட்டாள். சிவப்பு விளக்கில் வேன் நின்றிருந்தது.

"மாஸ்டர், ஜொகூர்ல என் தம்பி ஃபேக்டரி கென்டீன் எடுத்திருக்கான். வந்து பாத்துக்கன்னு கூப்பிடுறான். இந்தச் சனிக்கிழமையோட இங்க கடைய முடிச்சுக்கலாம்னு இருக்கேன். நீங்க இருன்னு சொன்னா இருக்கேன்."

தர்மா முன்னால் பார்த்தார். "பச்சை விழுந்திருச்சு."

"எனக்கும் கண்ணு தெரியுது. நீங்க சொல்லுங்க."

"நாலு பேரு என்னா சொல்வாங்க, சரளா. நமக்கு என்ன சின்ன வயசா?"

பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் அசையவில்லை. "சனிக்கிழமை சந்தைக்கு வாங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தர்மா மகளிடம் பேச்செடுத்தார். எப்படி? இந்த இனம் எப்போதும் எடுக்கிற மாதிரிதான். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இருக்காரு..."

"சரளா ஆன்ட்டியா?" என்றாள் தினேஸ்வரி.

தர்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "உனக்குக் கோவம் இல்லையா?"

"எனக்கு எதுக்குப்பா கோவம்? நீங்க லகாட் போயிட்டு வர்ற அன்னைக்கு மட்டும்தான் பாத்ரூம்ல பாடுறீங்க. அம்மா இருந்தாலும் கட்டிக்கன்னுதான் சொல்லும்."

"நீ சொல்லிட்ட. நாலு பேரு..."

"யாருப்பா அந்த நாலு பேரு? பிறந்ததுலேருந்து கேக்குறேன், பேரே தெரியாது. பேரச் சொல்லுங்க."

தர்மா விரலை மடக்கினார். சுங்கை சிப்புட்டில் இருக்கும் அக்கா நல்லம்மாள். கோயில் தலைவர் ஐயாவு. பக்கத்து வீட்டு லாரிக்காரன் சன்னாசி. தினமும் தேத்தண்ணி குடிக்கக் கூட வரும் ஸ்டானிஸ்லாஸ். இவ்வளவுதான் உலகம்.

"போய்க் கேளுங்க. கேக்காமலே அவங்க இப்படித்தான் நினைப்பாங்கன்னு பயப்படுறதுக்கு எங்க பாடத்துல ஒரு பேரு இருக்கு."

"என்னா பேரு?"

"பரீட்சை முடிஞ்சதும் மறந்துருச்சுப்பா."

தர்மா முதலில் சன்னாசியிடம் போனார், வேலி தாண்டினால் போதும் என்பதால். சன்னாசி லாரிக்கு அடியில் படுத்திருந்தான். 'எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு' என்று இவர் தொடங்கியதும் அடியிலிருந்தே சிரித்தான்.

"லைசன்ஸ் எடுத்த ஆளுக்கு வாரா வாரம் எதுக்கு மச்சான் கிளாஸ்? உன் காரு மேல பலகை மாட்டிக்கிட்டு லகாட் சந்தையில நிக்குது, தாமானே பாத்துட்டு வருது. கட்டிக்க லா."

"அப்ப ஏன் யாரும் ஒண்ணும் கேக்கல?"

"யாரும் கேக்கலையேன்னு நானும் கேக்கல."

ஐயாவு கோயிலில் கணக்காகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு இன்னொரு தேங்காயை உடைத்தார். "எனக்குப் பிரச்சனை இல்ல, தர்மா. கமிட்டி என்ன சொல்லுமோ."

"கமிட்டியே நீங்கதானே, அண்ணே."

"தலைவரு எப்படி முதல்ல வாயத் திறக்கிறது? மத்தவங்க சொல்லட்டும், நானும் சரின்னு சொல்லிடுறேன்."

ஸ்டானிஸ்லாஸ் ஒட்டுக்கடையில் கிடைத்தார். "எங்க கோயில் ஆளுங்கன்னா ஃபாதர்கிட்டக் கேட்டுச் சொல்லிடுவேன். உங்க பக்கம் எனக்கு எப்படித் தெரியும்? ஆனா நல்ல பொண்ணுன்னு கேள்வி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ மனசுவிட்டுப் பேசுறதால நானும் ஒண்ணு சொல்றேன். எனக்குச் சீனி வியாதி. தே தாரிக்க விடச் சொல்லி டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. நீதான் தினமும் எனக்கும் சாமா, சாமான்னு ஆசையா என்கூட குடிக்கிற. விட்டா நீ சங்கடப்படுவியேன்னு குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் தங்கள் முன்னால் இருந்த கிளாஸ்களைப் பார்த்தார்கள். வீணாக்கக் கூடாது என்று குடித்து முடித்தார்கள்.

இதுவரை நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். சுங்கை சிப்புட்டில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்லம்மாள் வீடு பெரிய சாலை ஓரம். லாரி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போனபின் தொடர வேண்டும். தம்பி 'தெரிஞ்ச ஆளு' கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த ஆளு உங்கிட்ட கேட்டா நீ என்னக்கா சொல்வ?"

"கட்டிக்கடான்னு சொல்வேன். தனியா இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியாதா?" கீரைக் காம்பை ஒடித்தாள். "ஆனா நீ இப்படிக் கேப்பேன்னு நான் நினைக்கல. உனக்கு இதெல்லாம் பிடிக்காதே."

"எதெல்லாம்?"

"உங்க மாமா போன மறு வருஷம், உன் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தேன். அன்னைக்கு ஆசையா ஒரு சின்னப் பொட்டு வச்சுக்கிட்டு வந்தேன். நீ வாசல்ல நின்ன. என் நெத்தியப் பாத்த. ஒண்ணும் சொல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட. நான் அடுப்படிக்குப் போய்த் துடைச்சுட்டேன். அப்புறம் வைக்கவே இல்ல."

ஒரு லாரி போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

தர்மாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பொட்டைப் பார்த்தார், உண்மை. திரும்பிக்கொண்டதும் உண்மை. வந்திருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகத் திரும்பினார். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே தான் என்ன நினைப்பது என்று தெரியும்? அவர்களோ வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் நெற்றியைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் எந்த அபிப்பிராயமும் இருக்கவில்லை. இல்லாத அபிப்பிராயத்துக்குப் பயந்து ஒரு மனுஷி இத்தனை வருடம் வெறும் நெற்றியோடு இருந்திருக்கிறாள்.

"நான் ஒண்ணும் நினைக்கலக்கா."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா" என்றாள் நல்லம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தர்மா அழுதார். அவளும் அழுதாள். பிறகு கீரையைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

இதற்குப் பிறகு தர்மா திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிய மனிதர் ஈப்போ எல்லையைத் தொடுவதற்குள் கூட்டிப் பார்த்துவிட்டார். சன்னாசி சரி. ஐயாவு, மற்றவர்கள் சரி என்றால் சரி. ஸ்டானிஸ்லாஸ், தன் பக்கம் இல்லாததால் சரி. அக்கா சரி. நாலுக்கு நாலு. மேசையில் எல்லாரும் ஒரே ஆர்டர். அவர் உடம்பே லேசாகிவிட்டது.

சனிக்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு லகாட் சந்தைக்குப் போனார். சரளாவின் கடையில் வரிசை நீளமாக இருந்தது. கடைசி நாள் என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம். தர்மா வரிசையில் நின்றார். நடுவில். முறை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரளா, எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாரும் சரின்னுட்டாங்க."

அவள் இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவைத் தூவி, நாட்டுச் சர்க்கரையை வைத்து மடித்து, தர்மாவுக்கு முந்தி நின்ற ஆளிடம் கொடுத்தாள். பிறகு கையைத் துடைத்தாள்.

"எல்லாரும் சரின்னதால வந்தீங்களா?"

"ஆமா. நாலு பேரும்."

"நாளைக்கு அந்த நாலு பேரும் வேணாம்னா?"

தர்மா நாலு பேரிடமும் இதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"போங்க மாஸ்டர். நல்லா இருங்க" என்றாள் சரளா. "அடுத்த ஆளு, என்னா வேணும்?"

தர்மா அங்கேயே நின்றார். பழக்க தோஷம், திரும்பி வரிசையைப் பார்த்தார். கூடையோடு நின்ற அம்மா, பிள்ளையைத் தூக்கியிருந்தவர், ஹெல்மெட் கழற்றாத பையன்கள், வேலைக்குப் போகும் பெண்கள். எல்லாருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. சிரிப்பதா, பாவப்படுவதா, கேட்காததுபோல இருப்பதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தர்மா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் அவர் முகமாகவே இருந்தன. அவள் அடுத்த பொட்டலத்தை மடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"எனக்கு வேணும்" என்றார் தர்மா.

பிறந்ததிலிருந்து அவர் யாரையும் பின்பற்றாமல் சொன்ன முதல் வாக்கியம். அதனால் சத்தம் தாறுமாறாக வந்தது, மீன்கடைவரை கேட்டது. "அவங்க வேணாம்னாலும் எனக்கு வேணும். நீ ஜொகூருக்குப் போகாத."

சரளாவின் கை நின்றது. மாவு படிந்த புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள், கன்னமெல்லாம் வெள்ளையாயிற்று.

"வரிசையில நிக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க" என்றாள். "தேங்கா தீந்துருச்சு. துருவுங்க."

தர்மா மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

வரிசை அப்படியே நின்றது. மனத்துக்குள் எல்லாருக்கும் சந்தோஷம்தான்; ஆனால் சந்தைக்கு நடுவில், இடியாப்பக் கடை முன்னால், அதைக் காட்டலாமா? யார் தொடங்குவது? பக்கத்துக் கடையில் தவ்ஃபூ என்ற சோயாக்கட்டி விற்கும் சீனப் பாட்டிதான் தட்டினாள். அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. சரளா சிரித்ததைப் பார்த்தாள், தட்டினாள். அதற்குப் பிறகு பாருங்கள், வரிசை முழுக்கக் கைதட்டல். ஹெல்மெட் பையன்கள் விசில் அடித்தார்கள். "நான் அப்பவே நினைச்சேன்" என்று எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள்.

நீங்களும் அன்று அந்த வரிசையில் நின்றிருந்தால் கட்டாயம் கைதட்டியிருப்பீர்கள், அதில் சந்தேகமே இல்லை. முதலில் தட்டியிருப்பீர்களா என்றுதான் கேட்கிறேன். பதில் அவசரமில்லை. நாளைக்கு யாராவது உங்களிடம், "தர்மா கதையப் படிச்சீங்களா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். சொல்வதற்கு முன்னால் கேட்டவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பீர்கள் அல்லவா, அப்போது தெரிந்துவிடும்.